டிராக்டர், லாரிகளில் எண்ணெய் அழுத்தமானி அமைக்கும் முறை

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நிலமுடையார் பலர் இப்பொழுது உழவுக்கு டிராக்டரையும், விளைபொருளை ஏற்றிச் செல்லச் சிறு லாரியையும் சொந்தமாகவே வைத்திருக்கின்றனர். இராயக்கோட்டைத் தக்காளியும், ஓசூர்ப் பக்கத்துக் காய்கறியும் ரோஜாவும் வெளியூர்ச் சந்தைகளுக்கு இவ்வண்டிகளிலேயே போகின்றன. மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் வாசலில் இவ்வண்டிகள் வரிசையாய் நிற்பதை யாவரும் பார்த்திருப்பர். இவற்றுள் பல, இரண்டாம் கை அல்லது மூன்றாம் கையாக வாங்கப்பட்டவை; எஞ்சின் ஒரு முறையேனும் பிரித்துச் சேர்க்கப்பட்டவை.

1824-ஆம் ஆண்டில் கால்நடைப் பண்ணை ஏற்பட்ட ஊர் ஓசூர். 1980-இல் அதே ஊரில் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலையும் வந்தது. மாடு வைத்திருப்போர் அதன் உடல்நிலையைச் சாணத்தைக் கண்டும், அசைபோடுதலைக் கண்டும் அறிந்துகொள்வர். எஞ்சின் வைத்திருப்போர் அதன் நிலையை அறிய உள்ள குறிகளுள் முதன்மையானது எண்ணெய் அழுத்தம். அதனைக் காட்டும் கருவியை, பட்டறைகளில் 'ஆயில் மீட்டர்' என்று வழங்கும் அழுத்தமானியை, வண்டியோட்டுவோன் கண்ணெதிரே அமைத்துக்கொள்ளப் பலரும் விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆனால், இக்கருவி அமைப்பதென்பது எஞ்சினில் ஓடும் எண்ணெயையே ஒரு மெல்லிய குழாயின் வழியாக ஓட்டுநரின் முழங்காலருகே கொண்டுவருவதாகும். குழாய் செம்மையாக அமையாவிடில், எஞ்சினைக் காப்பதற்கென்று வைத்த கருவியே எஞ்சினைக் கெடுக்கும். சில சமயங்களில் வண்டியையும் எரிக்கும். ஆதலால் அதனை அபாயமின்றி அமைக்கும் முறை இங்கே விவரிக்கப்படுகிறது.

1. அழுத்தத்தைக் கவனிப்பது ஏன்?

எஞ்சினின் அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்து எண்ணெயை ஒரு பம்பு உறிஞ்சி, வடிகட்டியின் வழியாகக் கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் தள்ளுகிறது. தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாதபடி இடையே நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் வருவது நின்றால் அப்படலம் அறுந்து, உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, சிறிது நேரத்தில் பேரிங்கு உருகித் தண்டு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பின் செய்யத்தக்கது செலவொன்றே.

வண்டிகளில் பொதுவாக ஒரு சிவப்பு எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அது போதாதா என்று கேட்கலாம். அவ்விளக்கை ஏற்றும் சுவிட்சு, பெரும்பாலும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 10 பவுண்டுக்குள் இறங்கிய பிறகே வேலை செய்யும். 50 பவுண்டு காட்டிவந்த எஞ்சின் 40 ஆகி, 30 ஆகி, 20 ஆகித் தேய்ந்துவருவதை அவ்விளக்கு ஒருபோதும் சொல்லாது. முள்ளுள்ள அழுத்தமானியோ, இத்தேய்வை மாதக்கணக்கில் முன்னதாகவே காட்டிவிடும். பேரிங்கு மட்டும் மாற்றிப் பிழைக்கக்கூடிய எஞ்சினைத் தண்டோடு இழக்காமலிருக்க இதுவே வழி. கருவியின் விலை சில நூறு ரூபாய். எஞ்சினைப் புதுப்பிக்கும் செலவு பல்லாயிரம். அறுவடைக் காலத்தில் வண்டி நின்றுபோவதால் நேரும் நஷ்டம் இதில் சேராது.

2. கருவி வேலை செய்யும் விதம்

இக்கருவியின் உள்ளே, ஒரு முனை மூடப்பட்டதும் பிறை போல் வளைந்ததுமான தட்டையான உலோகக் குழல் ஒன்று உண்டு. உள்ளே அழுத்தம் ஏறுந்தோறும் அக்குழல் சற்றே நிமிர முயலும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்புகிறது. பிரான்சு தேசத்து யூஜீன் பூர்தோன் என்பவர் 1849-இல் இதற்கு உரிமை பெற்றார். இன்றும் காற்று அடிக்கும் கடைகளிலும், மருந்து தெளிக்கும் பம்புகளிலும், எரிவாயு உருளைகளிலும் இவ்வமைப்பே வழங்கி வருகிறது.

இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை; பேட்டரி இறங்கியிருந்தாலும் முள் உண்மையையே காட்டும். இதுவே இதன் சிறப்பு. குறை யாதெனில், எண்ணெய் கருவி வரையில் வந்தே ஆகவேண்டும். குழாய்க்குள் எண்ணெய் ஓடுவதில்லை. அழுத்தத்தை ஏந்தியபடி தேங்கி நிற்கிறது. ஆகையால் குழாய் சாதாரணமாகச் சூடேறுவதில்லை. இதைக் கண்டு, 'இதில் என்ன அபாயம்?' என்று எண்ணிவிடுவாருண்டு. குழாய் அறுந்த கணத்திலேயே தேக்கம் ஓட்டமாகிவிடும். எஞ்சினுக்குள்ளிருக்கும் சூடான எண்ணெய் அவ்வழியே பீறிட்டுவரும். மூன்று சிலிண்டர் டிராக்டர் எஞ்சினில் மொத்த எண்ணெயே சுமார் 6 முதல் 8 லிட்டர்தான் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

3. எவ்வண்டிக்கு ஏற்றது?

திறந்த ஆசனமுடைய டிராக்டர்களுக்கும், பழைய டீசல் லாரி, சிறு லாரிகளுக்கும், கிணற்றுப் பம்பு இழுக்கும் டீசல் எஞ்சின்களுக்கும் இக்கருவி மிகப் பொருத்தமானது. மூடிய கூண்டுக்குள் ஓட்டுநரும் பிறரும் உட்கார்ந்து செல்லும் லாரிகளில், எண்ணெய்க்குழாய்க்குப் பதில் எஞ்சினில் மின்னுணரியை வைத்து ஒயர் மட்டும் உள்ளே வரும்படியான மின் அழுத்தமானியை அமைப்பது அதிக பத்திரம். எனினும், குழாய்க் கருவியே வேண்டுமென்போர் கீழ்க்கண்ட முறைகளுள் ஒன்றையும் விடாமல் கைக்கொள்ளல் வேண்டும்.

1-4-2020 முதல் விற்கப்பட்ட பாரத் ஸ்டேஜ் 6 வகை வண்டிகளில் எஞ்சினின் பல உணரிகள் ஒரு கணினிப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வண்டிகளிலும், உத்தரவாதக் காலம் முடியாத எந்த வண்டியிலும், விற்பனையாளரின் பணிமனையைக் கேளாமல் எண்ணெய் வழியில் கைவைத்தல் கூடாது.

4. சேகரிக்க வேண்டிய சாமான்கள்

(அ) அழுத்தமானி: 0 முதல் 100 பவுண்டு வரை, அல்லது 0 முதல் 7 கிலோ வரை அளவிட்டது. ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 14 பவுண்டுக்குச் சமம்.

(ஆ) குழாய்: கடைகளில் கருவியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் நைலான் குழாய் மலிவானது; ஆனால் சூட்டில் இளகும், நாட்பட்டால் மஞ்சளித்து முறியும். செப்புக்குழாய் சூட்டைத் தாங்கும். ஆனால் எஞ்சினின் அதிர்ச்சியால் நாளடைவில் இறுகிக் கீறல்விடும். எஃகுப் பின்னல் போர்த்திய எண்ணெய்க்குழாய் இரண்டினும் சிறந்தது. எஞ்சினிலிருந்து வண்டிச்சட்டம் வரையிலாவது இப்பின்னல் குழாயை உபயோகிப்பது நலம்.

(இ) டீ என்னும் முக்கிளை இணைப்பு ஒன்று. பித்தளை அல்லது எஃகினாலாகியது.

(ஈ) சிறுதுளை அடைப்பான்: நடுவில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் துளையுடைய சிறு பித்தளைத் திருகு. இது எஞ்சின் பக்கத்து முனையில் அமையும். முள் காட்டும் அளவு இதனால் குறையாது. ஏனெனில் எண்ணெய் ஓடவில்லை, அழுத்தம் மட்டுமே செல்கிறது. ஆனால் குழாய் அறுந்தால் எண்ணெய் வெள்ளமாய் வராமல் நூலிழையாகவே வரும். எஞ்சினை நிறுத்துவதற்கு ஓட்டுநருக்கு அவகாசம் கிடைக்கும். இம்முறை முழுவதிலும் இதைவிட மலிவான காவல் வேறில்லை.

(உ) முழு அடைப்புத் திருகு ஒன்று. இதன் பயன் பின்னர்ச் சொல்லப்படும்.

(ஊ) ரப்பர்க் கண்ணி, ரப்பர் பதித்த பிடிப்பட்டைகள், சூடு தாங்கும் உறை.

மரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எண்ணெய் வழித் துளைகளில் மூன்று வகை மரைகள் பரவலாக வழங்குகின்றன: அங்குலத்துக்கு 27 மரையுள்ள அரைக்கால் அங்குல அமெரிக்க வகை, அங்குலத்துக்கு 28 மரையுள்ள அரைக்கால் அங்குல ஆங்கில வகை, 10 மில்லிமீட்டர் மெட்ரிக் வகை. மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று கையாலேயே ஏறிப் பின்பு இறுகும். அப்பொழுது ஸ்பானர் கொண்டு முறுக்கினால் வார்ப்பிரும்பு எஞ்சினுடல் வெடிப்புக் காணும். அல்லது பின்னொரு நாள் அதிர்ச்சியில் இணைப்பு கழன்று விழும். ஆகவே, கழற்றிய பழைய சுவிட்சையே கையில் எடுத்துச் சென்று மரையளவியால் ஒத்துப்பார்த்து வாங்கல் வேண்டும். பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் பொருத்தமானது கிடைக்கவில்லையாயின், ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் உள்ள லேத்துப் பட்டறை எதிலும் ஒரு பித்தளை மாற்றிணைப்புக் கடைந்து தருவார்கள். கடைகளைச் சுற்றியலைந்து கிட்டத்தட்டச் சரியானதை வாங்கிவருவதைவிட இது மேல்.

5. எஞ்சின் பக்கத்து வேலை

எஞ்சின் முழுவதும் ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குக. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடல் வேண்டும். எண்ணெய்ச் சுவிட்சும் ஸ்டார்ட்டரின் தடித்த கம்பியும் பல எஞ்சின்களில் அருகருகே இருத்தலால், ஸ்பானர் தவறிப் பட்டால் பெருந்தீப்பொறி எழும். முன்சாயும் கூண்டுள்ள லாரியாயின், கூண்டைத் தூக்கியபின் அதன் தாங்குகோலைப் பூட்டாமல் அடியில் ஒருவரும் தலைநீட்டக் கூடாது.

எச்சரிக்கை விளக்கின் சுவிட்சு இருக்கும் துளையே அழுத்தமானிக்கும் உரிய இடம். ஆனால் சுவிட்சை எடுத்தெறிந்துவிட்டு அவ்விடத்தில் குழாயை மாட்டும் வழக்கம் சில பட்டறைகளில் காணப்படுகிறது. இது பெருந்தவறு. முள்ளை ஓட்டுநர் எப்போதும் பார்த்துக்கொண்டிரார். இரவில் விளக்கே கண்ணை இழுக்கும். டீ இணைப்பின் ஒரு கிளையில் பழைய சுவிட்சும், மற்றொன்றில் சிறுதுளை அடைப்பானோடு குழாயும் அமையவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சியாக இருக்கும்.

பித்தளை டீயும் அதன்மேல் சுவிட்சும் எஞ்சினிலேயே நீட்டிக்கொண்டு நிற்பின், ஓயாத அதிர்ச்சியில் அதன் கழுத்து முறியும். ஆகையால் ஒரு சாண் நீளப் பின்னல் குழாயை எஞ்சினில் மாட்டி, டீயை வண்டிச்சட்டத்தில் ஒரு பட்டையிட்டு நிறுத்துவது நலம். இவ்வாறு செய்யின் சிறுதுளை அடைப்பானை டீயில் வையாமல், அச்சிறு குழாய்க்கும் முன்னால், எஞ்சின் துளையிலேயே அமைத்தல் வேண்டும். ஒற்றை ஒயருள்ள சுவிட்சு தன் உடலின் வழியாகவே எர்த்துப் பெறுவது. சட்டத்திற்குப் பெயர்த்த பின் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, எரியாவிடில் தனி எர்த்து ஒயர் கொடுக்க வேண்டும்.

டெஃப்லான் நாடாவை மரையின் நுனியிலேயே சுற்றினால், அதன் நார் அறுந்து எண்ணெய் வழியில் சென்று அடைத்துக்கொள்ளும். சாய்வு மரைகளில் மட்டும், முதல் மரையை விட்டு இரண்டாவதிலிருந்து சுற்றுக. அல்லது மரைப்பசை தடவுக. வளையம் நசுங்கிப் பிடிக்கும் குழாய் முடிச்சுகளுக்கு நாடாவும் பசையும் ஒன்றும் வேண்டா. அவற்றுக்குச் சுத்தமான குழாய்முனையும் புது வளையமுமே போதும். டர்போ உள்ள எஞ்சின்களில் டர்போவுக்கு எண்ணெய் செல்லும் குழாயை வெட்டி இணைப்பெடுத்தல் ஒருபோதும் கூடாது.

6. குழாய் செல்லும் வழி

இம்முறையில் அதிகப் பொறுமை வேண்டுவது இப்பகுதியே. கீழ்க்கண்ட விதிகளைக் கவனிக்க.

முதலாவது, புகைக்குழாயையும் அதன் தலைப்பகுதியையும் விட்டு ஒரு சாணுக்குக் குறையாமல் விலகிச் செல்லவேண்டும். எஞ்சின் எண்ணெய் பொதுவாக 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டிலேயே பற்றத்தக்க ஆவியை விடும். ஆனால் பாரம் இழுக்கும் எஞ்சினின் புகைத்தலைப்பு அதனினும் மிகுதியாகச் சூடேறுவது. சூளகிரி மேட்டில் நிறைபாரத்தோடு ஏறும் லாரியில், சொட்டிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பே வண்டியை எரிக்கப் போதுமானது.

இரண்டாவது, எஞ்சின் அசைவது, வண்டிச்சட்டம் அசையாதது. இரண்டுக்கும் இடையே குழாய் விறைப்பாக இருத்தல் கூடாது. செப்புக்குழாயாயின் ஒரு கைப்பிடிப் பருமனுள்ள உருளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிச் சுருளாக விடவேண்டும். செப்பு இறுகியிருந்தால் செந்நிறமாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மீண்டும் இளகும்.

மூன்றாவது, கிளச்சு, ஆக்சிலேட்டர் தண்டு, ஸ்டியரிங் தண்டு, விசிறி, பெல்ட்டு ஆகிய அசையும் உறுப்புகள் ஒன்றும் தீண்டாதவாறு செல்லவேண்டும். ஒருவர் உட்கார்ந்து எல்லாப் பெடல்களையும் கடைசிவரை மிதிக்க, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதும் திருப்ப, மற்றொருவர் அடியிலிருந்து பார்த்தல் வேண்டும்.

நான்காவது, டீசல் குழாயோடும், பிரேக் குழாயோடும், ஒயர்க் கட்டோடும் இதனைச் சேர்த்துக் கட்டுதல் கூடாது. சாணுக்கொரு பிடிப்பட்டை தனியே இடுக.

ஐந்தாவது, முன்சாயும் கூண்டுள்ள லாரிகளில், கூண்டு சாயும் கீலின் அருகாகவே குழாயைக் கொண்டுசென்று, அங்கே வளையக்கூடிய பின்னல் குழாயைத் தாராளமாக விடவேண்டும். கூண்டைத் தாழ்த்திய நிலையில் அளவெடுத்துப் பொருத்திய குழாய், முதன்முறை கூண்டைத் தூக்கும்போதே அறுந்துவிடும். அமைத்தவுடன் கூண்டை ஒருமுறை முழுவதும் தூக்கித் தாழ்த்திப் பார்க்க.

ஆறாவது, எஞ்சினறைக்கும் ஓட்டுநர் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டைக் கடக்கும் இடம். துளையிடுமுன் தகட்டின் இருபுறமும் ஒயரோ பிரேக் குழாயோ உண்டாவென்று பார்க்கவேண்டும். துளையிட்டபின் விளிம்பை அரத்தால் மழித்து, துருப்பிடியாதபடி வர்ணம் பூசி, ரப்பர்க் கண்ணி பொருத்தி, அதன் வழியே குழாயைச் செலுத்துக. இக்கண்ணியின்றிச் செலுத்திய குழாய்களே அதிகம் அறுபடுகின்றன. தகட்டின் விளிம்பு, வண்டி ஓடும்பொழுதெல்லாம் அரம்போல் உராய்ந்துகொண்டேயிருக்கும். இவ்வட்டாரத்து விவசாயி ஒருவரின் டிராக்டரில் இவ்வாறு தேய்ந்த நைலான் குழாய், ஓர் உழவுப் பருவம் முழுவதும் பிழைத்திருந்து, அடுத்த பருவத்தின் நடுவில் அறுந்தது. முள் பூச்சியத்துக்கு இறங்கியதைக் கண்டும், 'மீட்டர் கெட்டுவிட்டது' என்றெண்ணி வரப்பு வரைக்கும் உழுது முடித்தார்கள். அந்த ஒரு சாலுக்குக் கொடுத்த விலை ஒரு கிராங்க் தண்டு.

7. ஓட்டுநர் இடத்துக்குள்ளே

கருவியைத் தலையைத் திருப்பாமல் பார்க்கத்தக்க இடத்தில், ஆனால் முழங்காலில் இடிக்காதவாறு பொருத்துக. குழாயை முடுக்கும்போது ஒரு ஸ்பானரால் கருவியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருகவேண்டும். ஒற்றை ஸ்பானரால் திருகினால் உள்ளிருக்கும் வளைகுழலே முறுக்கிக் கெடும்.

மூடிய கூண்டுள்ள வண்டிகளில் உள்ளே வரும் குழாய்ப்பகுதி முழுவதையும் அதனினும் பருமனான ரப்பர்க் குழாய்க்குள் செலுத்தி, அவ்வுறையின் தாழ்ந்த முனை கூண்டுக்கு வெளியே, புகைக்குழாய்க்கு எட்டாத இடத்தில் திறந்திருக்கும்படி விடுக. உள்ளே கசிவு ஏற்படின் எண்ணெய் ஓட்டுநரின் காலிலும் பெடலிலும் விழாமல் உறையின் வழியே வெளியே சொட்டும். அச்சொட்டே முதல் எச்சரிக்கையாகவும் அமையும். எண்ணெய் பட்ட பிரேக் பெடலில் கால் வழுக்கினால் நேரக்கூடியதை விவரிக்க வேண்டுவதில்லை.

8. சோதனை

பேட்டரியை இணைத்து, எண்ணெய் அளவுகோலைப் பார்த்து, எஞ்சினை இயக்குக. கருவியின் நட்டைச் சற்றே தளர்த்தி, அடியில் துணி பிடித்து, குழாயிலுள்ள காற்று வெளியேறி எண்ணெய் தலைகாட்டியதும் இறுக்கிவிடல் வேண்டும். காற்று மிஞ்சினால் முள் சோம்பி நகரும். பின்பு கைவிளக்கு கொண்டு எஞ்சினிலிருந்து கருவி வரை ஒவ்வோர் இணைப்பையும் பார்க்க. சூடான பாகங்களிலும் விசிறியருகிலும் விரல் வைத்துத் தடவுதல் கூடாது. ஐந்து நிமிடம் ஓடியபின் நிறுத்தி, உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்த்தால் சிறு கசிவும் தெரியும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்பு ஒருமுறையும், பத்து மணி வேலைக்குப்பின் ஒருமுறையும், அதன்பின் எண்ணெய் மாற்றும்போதெல்லாமும் இவ்வாறே பார்க்க வேண்டும். நைலான் குழாயாயின் மஞ்சளித்தாலும் விறைத்தாலும் அன்றே மாற்றிவிடுக.

9. முள்ளைப் படித்தல்

இவ்வளவு அழுத்தமே சரியென்று எல்லா எஞ்சினுக்கும் ஒரே கணக்கில்லை. தயாரிப்பாளரின் கைப்புத்தகத்தில் உள்ளதே அளவு. பொதுவாக நல்ல டீசல் எஞ்சின், சூடேறி வேலைவேகத்தில் ஓடும்போது 40 முதல் 60 பவுண்டும், சூடேறி மெல்ல ஓடும்போது 10 முதல் 20 பவுண்டும் காட்டும். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் தடித்திருப்பதால் முள் மிக உயரும். ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூரிலும் தளியிலும் மார்கழிக் காலையில் காணும் அளவு, தாழ்விலுள்ள கிருஷ்ணகிரியில் சித்திரை நடுப்பகலில் காணமுடியாது. ஆதலால் சூடேறிய நிலையில் எடுத்த அளவோடு சூடேறிய நிலை அளவையே ஒப்பிடல் வேண்டும். காலையில் முள் உயர்ந்திருப்பதைக் கண்டு உடனே எஞ்சினை முடுக்குதலும் தகாது.

அழுத்தம் நாளுக்குநாள் குறையின், முதலில் எண்ணெயின் அளவு, பிறகு அதன் தரம், பிறகு வடிகட்டி, பிறகு அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, கடைசியாகப் பம்பும் பேரிங்கும் என்ற வரிசையில் ஆராய்க. எண்ணெய் அளவு ஏறியிருந்தும் அழுத்தம் இறங்கியிருந்தால் டீசல் கலந்திருக்கலாம். முகர்ந்து பார்த்தால் தெரியும். அஞ்செட்டி, தளிப் பக்கத்துச் சரிவு நிலங்களில் உழும்போது மட்டும் முள் துடித்து விழுந்தால், சம்பில் எண்ணெய் குறைந்து உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறதென்று கொள்க.

முள் திடீரென விழுந்தால், காரணம் கருவியா எஞ்சினா என்று யோசித்துக்கொண்டு ஓட்டுதல் கூடாது. உடனே எஞ்சினை நிறுத்தி, அதன் பின்னரே ஆராய்தல் வேண்டும்.

10. வழியில் குழாய் அறுந்தால்

எஞ்சினை நிறுத்துக. சூடான எண்ணெயைக் கையால் பொத்த முயலக்கூடாது. புகையோ தீயோ தோன்றின் தண்ணீர் ஊற்றாமல், உலர்தூள் அணைப்பானோ மணலோ உபயோகிக்க. ஆறியபின், எஞ்சின் பக்கத்து முனையில் குழாயைக் கழற்றி, கருவிப்பெட்டியில் வைத்திருக்கும் முழு அடைப்புத் திருகை அங்கே இறுக்கி, எண்ணெய் அளவைப் பார்த்து, குறைந்ததை நிரப்பி, சிவப்பு விளக்கு அணைவதைக் கண்டுகொண்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். இத்திருகு ஒன்று பெட்டியில் இல்லாமையால், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் ஒரு வண்டித் தக்காளி வாடி நிற்கலாம்.

11. பொது யந்திரங்களும் குறிப்புப் புத்தகமும்

சொந்த வண்டியின் முள்ளை உடையவர் ஒருவரே பார்த்துவருதலால் மாறுதல் அவர் கண்ணுக்குத் தப்பாது. கூட்டுறவுச் சங்கங்களிலும் உழவர் குழுக்களிலும் வாடகைக்கு விடப்படும் டிராக்டர்களை மாறி மாறிப் பலர் ஓட்டுகின்றனர். நேற்றைய முள் எங்கிருந்ததென்பது இன்றைய ஓட்டுநருக்குத் தெரியாது. ஆகவே சங்கச் செயலாளர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் தம் ஊர்ப் பொது யந்திரத்தோடு ஒரு குறிப்புப் புத்தகம் வைக்கச் சொல்லி, நாள்தோறும் ஐந்து விவரங்களை எழுதச் செய்தல் நலம்: தேதி, மணிக்கணக்கு, எண்ணெய் அளவு, சூடேறியபின் மெல்ல ஓடும்போதுள்ள அழுத்தம், சூடேறி வேலைவேகத்தில் உள்ள அழுத்தம். இதை எழுத இரண்டு நிமிடம் போதும். மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டினால், எந்த யந்திரத்தைப் பருவம் தொடங்குமுன் பட்டறைக்கு அனுப்பவேண்டும் என்பது ஒருவரும் சொல்லாமலே விளங்கும்.

இவ்வேலையைத் தாமே செய்ய இயலாதவர் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடலாம். எனினும், பட்டறையிலிருந்து வண்டியை எடுக்குமுன் நான்கு கேள்விகளை அவசியம் கேட்டுக் கண்ணாலும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சிறுதுளை அடைப்பான் இருக்கிறதா? பழைய விளக்குச் சுவிட்சு வேலை செய்கிறதா? தகட்டைக் கடக்குமிடத்தில் ரப்பர்க் கண்ணி உண்டா? புகைக்குழாய்க்கும் எண்ணெய்க் குழாய்க்கும் ஒரு சாண் இடைவெளி உண்டா? நான்கில் ஒன்றுக்கு 'இல்லை' என்று விடை வந்தாலும் அவ்வண்டியைப் பாரமேற்ற எடுத்துச் செல்லலாகாது. யந்திரங்களைப் பற்றிய மேல்விவரங்களை அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.